கம்பளிக்குள் சிவப்பு

மயிலம்மாள் வீட்டில் செவ்வாய்க்கிழமையிலிருந்து தயிர் உறையவில்லை.

முதல் நாள் உறைமோர் மேல் பழி விழுந்தது. இரண்டாம் நாள் சட்டி மேல். மூன்றாம் நாள் ஊரார் கண்கள் மேல். புதன்சந்தைக்கு மேற்கே நாலு மைலில் இருக்கும் கல்லுக்காட்டுப்புதூரில் இது சின்ன விஷயமில்லை. இருபத்தாறு வயதாகியும் கல்யாணமாகாத பெண்ணைக்கூட "படிக்குது" என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். உறையாத பாலுக்கு அப்படி ஒரு சமாதானம் கிடையாது.

பஸ் நிறுத்தத்தில் கடை வைத்திருக்கும் மாரக்காள் மூன்று பேரிடம் மூன்று காரணம் சொல்லி, மூன்றையும் யார் சொன்னார்கள் என்று பிறகு தானே விசாரித்துக்கொண்டிருந்தாள்.

புதன் சாயங்காலம் விஷயம் சட்டியைத் தாண்டியது. பால் கம்பெனியின் கொள்முதல் நிலையத்தில் மணியன், வழக்கம்போல ஒவ்வொரு கேனிலும் இரண்டு சொட்டு எடுத்துப் பட்டையில் விட்டுப் பார்த்தான். விரல் நீளக் காகிதப் பட்டை. இரண்டு கோடு வந்தால் பால் உள்ளே. ஒற்றைக் கோடு வந்தால் பால் வீட்டுக்கு.

"அக்கா, ஒத்தக் கோடுதானுங்க வருது."

"அப்பிடின்னா?"

"பால்ல ஆன்டிபயாட்டிக்கு இருக்குதுங்க. அது இருந்தாத் தயிரும் உறையாது. மாட்டுக்கு ஊசி கீசி போட்டீங்களா?"

"எம் மாட்டுக்கா? பொங்கலுக்கு மாலை போட்டதோட சரி."

"பட்டை சொல்லுதுங்களே."

"நேத்து வந்த பட்டை சொன்னா நெசம், எட்டு வருசமா ஊத்தறவ சொன்னா பொய்யா?"

வரிசையில் நின்ற மாரக்காளுக்கு அந்த இரண்டு கோட்டு விஷயம் மிகவும் பிடித்துப்போனது. "ஏன் மணியா, ரெண்டு கோடு வந்தா எல்லா எடத்துலயும் நல்ல சேதிதானாட்டிருக்குது?" என்றாள். வரிசை சிரித்தது. மயிலம்மாள் சிரிக்கவில்லை. கேனைத் தூக்கி ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

வியாழன் காலையிலும் ஒற்றைக் கோடுதான். மணியன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அக்கா, மூணாந்தடவை ஒத்தக் கோடு வந்தா அட்டையை ரத்து பண்ணச் சொல்லி ரூலுங்க. ஊத்தாம மூணு வேளை உட்டாலும் அதே ரூலு. எங்கையில ஒண்ணுமில்லீங்."

அந்த அட்டை மயிலம்மாள் பேரில் இருந்தது. நிலம் மாமனார் பேரில், வீடு புருஷன் பேரில், கரண்டு பில் செத்துப்போன கொழுந்தன் பேரில். பால் அட்டையில் மட்டும் அவள் பேர், அவள் படம், அவள் கையெழுத்து. புது அட்டை கேட்டு நாற்பது பேர் காத்திருந்தார்கள். ஒருமுறை போனால் திரும்பி வராது. அவள் வியாழன் சாயங்காலம் ஊற்றப் போகவில்லை. வெள்ளி காலையும் போகவில்லை. வெள்ளி சாயங்காலம் ஆறு மணிக்குள் நல்ல பாலோடு போக வேண்டும். இல்லாவிட்டால் அட்டை போச்சு.

நடுவில் மகளுக்குப் போன் போட்டிருந்தாள். மோகனப்பிரியா சேலத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்பவள். ஏரி, ஆறு, சாக்கடை என்று போகிற இடமெல்லாம் தண்ணீரைக் குப்பியில் பிடித்து, அதில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று ஒளியை வைத்துப் பார்ப்பதுதான் அவள் படிப்பு. ஊரில் இதை விளக்க மயிலம்மாள் ஐந்து வருஷமாக முயன்று, கடைசியில் "பேங்கு வேலைக்குப் படிக்குது" என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

"தண்ணியில மருந்து இருந்தா நீ கண்டுபிடிப்பியாமல்ல?"

"பிடிப்பேம்மா."

"அப்ப காத்தாலை மொத பஸ்ஸுக்கு வா. அப்புசாமியண்ணன் கோழிக்கு நாலு நாளா சளி. பொட்டி பொட்டியா மருந்து எறங்குது. அத்தனையும் நம்ம கெணத்துல எறங்கியிருக்குது. நீ மட்டும் கண்டுபிடிச்சுக் குடு, கலெக்டர் ஆபீசு வரைக்கும் நான் பாத்துக்கறேன்."

அப்புசாமி, மயிலம்மாளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். வேலிக்கு அந்தப் பக்கம் பதினெட்டாயிரம் முட்டைக் கோழி வைத்திருந்தான். காற்று கிழக்கே திரும்பினால் தங்கச்சி வீட்டுச் சோற்றில்கூடக் கோழிப்பண்ணை வாசம் இருக்கும். அதற்காக இதுவரை யாரும் கலெக்டர் ஆபீசுக்குப் போனதில்லை.

வெள்ளி காலை பத்து மணிக்கு மோகனப்பிரியா வந்து இறங்கியபோது, அப்பா காளிதாஸ் பஸ் நிறுத்தத்தில் தக்காளிக்காரனிடம் கொசுறு கேட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பதினைந்து வருஷம் லாரி ஓட்டியவர், அதற்கு முன் புதன்சந்தையில் மாட்டுத் தரகருக்குக் கையாள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் வித்தையை அங்கே கற்றவர். வாங்கின பொருளில் அவருக்குச் சந்தோஷம் கிடையாது, மேலே கேட்டு வாங்கின கொசுறில்தான். கத்திரிக்காய்க்குக் கறிவேப்பிலை, தவிட்டு மூட்டைக்குச் சணல், ஆஸ்பத்திரியில் மாத்திரைக்கு ஒரு காலிக் கவர். மயிலம்மாளைப் பெண் பார்க்கப் போன இடத்தில், முடிவான பிறகு, "அந்த வெங்கலச் சொம்பு நல்லா இருக்குதுங்களே" என்றாராம். சொம்பு இன்றும் வீட்டில் இருக்கிறது.

"அப்பா, ஒரு சங்கடமுங்க. லைட்டு போச்சு."

சேலத்தில் பஸ்ஸைப் பிடிக்க ஓடியதில், பையில் இருந்த புற ஊதா விளக்கு கீழே விழுந்து கண்ணாடி சிதறிவிட்டது. குப்பிகள் பிழைத்துவிட்டன. அந்த விளக்கு இல்லாமல் குப்பிகள் வெறும் தண்ணீர்.

"என்ன மாதிரி லைட்டு அம்முணி?"

"ஊதாவா எரியுமுங்க. கண்ணுக்கு மங்கலாத்தான் தெரியும். கடையில நோட்டு நல்ல நோட்டா கள்ள நோட்டான்னு பாக்கறதுக்கு வெச்சிருப்பாங்களே..."

காளிதாஸ் தக்காளிப் பையை அப்படியே விட்டுவிட்டு மாரக்காள் கடைக்குள் நுழைந்தார்.

மாரக்காள் விளக்கை எடுத்துக் காட்டினாள். கையில் தரவில்லை. "லைட்டு வந்தா நானும் வருவேன். நான் வந்தா கடை சாத்தோணும். கடை சாத்துனா யாவாரம் போகும்."

"ரெண்டு மணி நேரத்துக்கு என்னக்கா வேணும், சொல்லு."

"காசு வேண்டாம். உங்கூட்டுல மறுபடி தயிரு உறைஞ்சுதுன்னா மொதச் சொம்பு எனக்கு."

காளிதாஸின் வாய் பழக்கத்தில் திறந்தது. "அதுக்கு மேல, லைட்டோட நாலு கறிவேப்பிலை..."

"எடுத்துக்க. தோட்டத்துல கெடக்குது."

பங்குனி வெயில் அப்போது உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பேங்கு வேலைக்குப் படிக்கிற பெண் கள்ள நோட்டு விளக்கோடு கிணற்றடிக்குப் போனால் கூட்டம் சேராமல் என்ன செய்யும்? மயிலம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளியை இறக்கினாள்.

மோகனப்பிரியா ஒரு குப்பியைக் காட்டினாள். "அம்மா, இதுல இருக்கறதுக்குத் தானா நீல வெளிச்சம் உண்டு. அது பாட்டுக்கு நீலமா எரியும். டெட்ராசைக்ளின்னு ஒரு மருந்து, கோழிச் சளிக்குக் குடுக்கறது, அது தண்ணியில இருந்துதுன்னா இதைப் போய்ப் புடிச்சுக்கும். புடிச்ச ஒடனே செவப்பு."

"புடிக்கறதுன்னா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். "துண்டுக்கடியில கை புடிக்கற மாதிரிதான். வெளிய நிக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. உள்ளுக்குள்ள எந்த விரலை எந்த விரல் புடிச்சுதோ அதுதான் வெலை. லைட்டு அடிச்சா வெலை வெளிய வந்துரும்."

"அட!" என்றார் காளிதாஸ். ஐந்து வருஷப் படிப்பு அந்த நிமிஷம்தான் அவருக்குப் பிடிபட்டது. உடனே தோளிலிருந்த வெள்ளைத் துண்டை உதறிக் குப்பி மேல் போர்த்தினார். மோகனப்பிரியா விளக்கை அமுக்கினாள்.

துண்டு முழுக்க நீலமாகப் பற்றியெரிந்தது.

கூட்டம் பின்னால் பாய்ந்தது. ஒரு கிழவர் "தண்ணி ஊத்துங்கடா" என்று கத்தினார். காளிதாஸ் துண்டை உதறிவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்லீங்க, சோப்புத்தூளுங்க!" மோகனப்பிரியாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "வெளுப்புக்குப் போடறது இந்த லைட்டுல இப்பிடித்தான் எரியும். கருப்பா, தடியா ஒரு துணி வேணும்."

"அப்ப எம் பொண்டாட்டி நல்லாத்தான் தொவைச்சிருக்கறா" என்றார் காளிதாஸ், கூட்டத்துக்குக் கேட்கும்படி.

கருப்புக் கம்பளி ஒன்று பரணிலிருந்து இறங்கியது. ஆட்டுக்காரரிடம் ஆறு வருஷத்துக்கு முன் வாங்கியது. ஆட்டு மணம் இன்னும் போகவில்லை. பங்குனி மத்தியானத்தில் மயிலம்மாள், மகள், மாரக்காள் மூன்று பேரும் அதற்குள் தலையை விட்டுக் குந்தினார்கள். காளிதாஸ் நாலு பக்கமும் விளிம்பைச் செருகி, வெளிச்சம் நுழையாமல் காவல் நின்றார். உள்ளேயிருந்து மாரக்காளின் குரல் வந்தது.

"மூச்சு முட்டுதே சாமி. ஆரு பூண்டு தின்னது?"

"நீதானக்கா தின்ன. பேசாத இரு. அம்முணி, அமுக்கு."

"நீலம்! நீலம் வந்துருச்சு! மருந்து!" என்று கூவினாள் மாரக்காள்.

வெளியே கூட்டம் "ஓ" என்றது. மயிலம்மாள் கம்பளியைத் தூக்கி எறிந்துவிட்டு வேலியைப் பார்த்துக் கத்தினாள். "அண்ணா! அப்புசாமியண்ணா! வந்து பாருங்க உங்க தருமத்தை!"

"அம்மா, அம்மா, நீலம்னா நல்ல தண்ணி! செவப்பு வந்தாத்தான் மருந்து. இப்பத்தான சொன்னேன்!"

"நல்ல தண்ணியா?" மயிலம்மாள் கை இடுப்புக்கு இறங்கியது. அவள் குரலில் இருந்தது சந்தோஷமா ஏமாற்றமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

அதற்குள் அப்புசாமி வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். பனியன், கைலி, காதில் ஒரு பால்பாயிண்டு பேனா. கூட்டத்தையும் கம்பளியையும் பார்த்தான்.

"என்ன மயிலு, ஊரைக் கூட்டி வெச்சிருக்கற?"

"உங்க கோழி மருந்துதான் எம் பாலைக் கெடுத்துதுன்னு சொல்றேன். இல்லைன்னு சொல்லுங்க பாக்கலாம்."

அவன் கோபப்படவில்லை. அதுதான் அவளை மேலும் எரித்தது. "நான் என்னத்துக்குச் சொல்லோணும்? அம்முணி கையிலதான் லைட்டு இருக்குதே. வா சாமி, டேங்கு, வாய்க்காலு, எருக்குழி, எங்க வேணாலும் புடி. சளிக்கு மருந்து குடுத்தது நெசம். நேத்தோட கோர்சு முடிஞ்சுது. இன்னைக்கு சத்து மருந்து மட்டுந்தான்."

படை வேலியைத் தாண்டியது. கோழிக்கொட்டாயின் நீளமான நிழலில், கூண்டுகளில் பதினெட்டாயிரம் கழுத்துகள் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தன. வாய்க்கால் தண்ணீர் நீலம். எருக்குழி ஓரத்து ஊற்று நீலம். மேல்நிலைத் தொட்டித் தண்ணீரைக் குப்பியில் விட்டுக் கம்பளிக்குள் போனபோது மட்டும் உள்ளே ஓர் அலறல்.

"பச்சை! மஞ்சப் பச்சை! அகப்பட்டுது!" இது மாரக்காள்.

மயிலம்மாள் வாயைத் திறக்கும் முன் மோகனப்பிரியா கையைப் பிடித்தாள். "இருங்கம்மா. ஒருக்கா ஏமாந்தாச்சு." ஒரு காலிக் குப்பியில் தன் நீலக் கரைசலைச் சேர்க்காமல் வெறும் தொட்டித் தண்ணீரை மட்டும் விட்டு விளக்கடித்தாள். அதுவும் அதே மஞ்சள் பச்சையாக எரிந்தது.

"பாருங்க, எங் கரைசல் இல்லாமயே எரியுது. இது பி காம்ப்ளெக்ஸு. மாமா சொன்னது சரிதான், சத்து மருந்து. செவப்பு துளிகூட இல்லை."

கூட்டம் மயிலம்மாளைத் திரும்பிப் பார்த்தது.

"அண்ணா..." என்று ஆரம்பித்த மயிலம்மாள் முடிக்கவில்லை. கிணற்றடியில் நின்று வேலிக்கு அந்தப்புறம் கத்தியது அவளுக்கே காதில் விழுந்துகொண்டிருந்தது.

"பரவால்ல போ. எங்கூட்டுக்கு ஒறம்பரை வந்ததா நெனைச்சுக்கறேன். மோரு குடிக்கறியா?" அப்புசாமி கொட்டாய்க்குள் பார்த்துக் குரல் கொடுத்தான். அப்புறம்தான் நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டான். மோர் என்ற சொல் அன்று மயிலம்மாளிடம் சொல்லக் கூடாத சொல்.

மணி மூன்றரை. மயிலம்மாள் மாட்டுக்கொட்டாய்க்கு வந்து மரத்தில் சாய்ந்து நின்றாள். நாலு மாடும் நிழலில் அசை போட்டுக்கொண்டிருந்தன. கிணறு சுத்தம், அண்ணன் சுத்தம், ஊசி போடவில்லை. பின்னே எப்படி வந்தது? இரண்டரை மணி நேரம் இருந்தது.

மோகனப்பிரியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, ஒண்ணொண்ணா வருவோம். மாடு என்ன திங்குது?"

"சோளத்தட்டு. தவிடு. பருத்திக்கொட்டை. எல்லாம் பழைய மூட்டைதான்."

"தண்ணி?"

"இந்தத் தொட்டித் தண்ணிதான். அதுவும் நம்ம கெணத்துத் தண்ணி." சொல்லிவிட்டு அந்தச் சிரமத்திலும் கொஞ்சம் சிரித்தாள். "உங்கப்பன்தான் நெப்பறாரு. பத்து நாளா. நான் எந்திரிக்கறதுக்கு முந்தியே தொட்டி நெம்பியிருக்குது. இருபத்தேழு வருசத்துல சொல்லாம ஒரு வேலை செஞ்சது இதுதான் மொதலு."

மோகனப்பிரியா எழுந்து தொட்டியில் ஒரு குப்பி மோந்தாள்.

"அதுல என்ன அம்முணி இருக்குது, நானே தெனமும் நெப்பறது" என்றார் காளிதாஸ், பெருமையாக, கம்பளியை விரித்துக்கொண்டே. "மாடு ஒரு முழுங்கு உடாது. போன வாரமெல்லாம் அரை லிட்டரு கூடக் கறந்துதே, கேளு உங்கம்மாளை."

கம்பளிக்குள் இம்முறை மயிலம்மாளும் மகளும் மட்டும். விளக்கு அமுங்கியது. உள்ளே சத்தமே இல்லை. காளிதாஸ் குனிந்து, "என்ன நீலமா?" என்றார். மாரக்காளுக்குப் பொறுக்கவில்லை, விளிம்பைத் தூக்கித் தலையை விட்டாள். அவளும் பேசவில்லை. மாரக்காள் பேசாமலிருந்ததை ஊர் பார்த்தது அன்றுதான்.

மயிலம்மாளின் கையில் இருந்த குப்பி, பழுத்த மிளகாய் போலச் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பு அவள் விரல்களிலும் மகளின் கன்னத்திலும் விழுந்திருந்தது. நாலு நாளாக அவள் தேடின ஆள் இதுதான். இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

கம்பளி விலகியது. எல்லோரும் தொட்டியைப் பார்த்தார்கள். அப்புசாமி தொட்டியைப் பார்க்கவில்லை. காளிதாஸைப் பார்த்தான். காளிதாஸ் தன் துண்டைப் பார்த்தார்.

"ஏனுங்க," என்றாள் மயிலம்மாள். "கெணத்துத் தண்ணி நீலம். தொட்டித் தண்ணி செவப்பு. நடுவுல நீங்கதான் இருக்கறீங்க."

"மயிலு, அது வந்து... துண்டுக்கடியில பேசினதை வெளிய சொல்லக் கூடாது. சந்தை வழக்கம். மச்சானுக்கும் தெரியும்."

"அட்டை போகப் போகுது. சந்தை வழக்கத்தை அங்க கொண்டு போய் ஊத்துவீங்களா?"

அப்புசாமி காதிலிருந்த பேனாவை எடுத்துத் திரும்ப வைத்தான். "மாப்ள, நீ சொல்றயா, நான் சொல்லட்டா?"

காளிதாஸ் சொன்னார். பத்து நாளைக்கு முன் அப்புசாமி தன் புது போர்வெல் குழாயைக் காளிதாஸின் வரப்பு வழியாகக் கொண்டுபோக வேண்டியிருந்தது. வேலியோரம் நின்று துண்டைப் போட்டு, விரலைப் பிடித்து, பேச்சு முடிந்தது. முடிந்த பேச்சுக்கு மேல் காளிதாஸ் ஒரு கொசுறு கேட்டார். தினமும் காலையில் கோழிகளின் தண்ணீர்த் தொட்டியைக் கழுவும்போது நேற்றைய மிச்சம் கீழே போகிறதே, அதை ஒரு குழாய் வைத்து இந்தப் பக்கம் விட்டுவிட வேண்டும்.

"சத்துத் தண்ணிடீ அது! வெல்லம், வைட்டமினு, குளுக்கோசு! மாடு நக்கி நக்கிக் குடிச்சுது. சும்மா மண்ணுல போறதை ஆரு உடுவா?"

"அது தட்டுக்காட்டுக்குப் பாயுதுன்னுதான் நான் நெனைச்சேன் மாப்ள" என்றான் அப்புசாமி. குரல் இறங்கியிருந்தது. "தொட்டியில உடுவேன்னு நீ சொல்லவேயில்லையே. மாட்டுக்குன்னு தெரிஞ்சிருந்தா, மருந்து கலக்குன அன்னைக்கே குழாயை அடைச்சிருப்பேன்."

"நீங்க கேக்கலை."

"கொசுறா வாங்குனதை எதுக்கு வாங்கறேன்னு ஆரு கேப்பா?"

"தட்டுக்காட்டுக்கும் ஆகாதுங்க மாமா," என்றாள் மோகனப்பிரியா. "அங்க இருந்து கெணத்துக்கு எறங்க ரொம்ப நாளாகாது. இன்னைக்கு நீலம். ஆறு மாசம் கழிச்சுக் கேரண்டி இல்லை."

"அப்ப மிச்சத்தை எங்க அம்முணி ஊத்தறது? நெசமாக் கேக்கறேன்."

"மிச்சம் வராத அளவுக்குக் கலக்கறதுதானுங்க மொத வேலை. வந்தா, அடியில பூசுன தனித் தொட்டி கட்டுங்க. அதையும் நான் வந்து பாக்கறேன்."

மயிலம்மாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கொட்டாயின் கடைசி மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே தனியாகக் கட்டியிருந்த செவலை, கன்று போட்டு ஒரு மாதமானது. கன்றுக்காகத் தள்ளிக் கட்டியதால் தொட்டி அதற்கு எட்டாது. அதற்கு மட்டும் அவளே தினமும் கிணற்றிலிருந்து வாளியில் கொண்டுபோய் வைப்பாள்.

"அம்முணி," என்றாள். "பாலை இந்த லைட்டுல பாக்க முடியுமா?"

"பாலு வெள்ளைங்கம்மா, வெளிச்சம் உள்ள போகாது... எலுமிச்சை இருக்குதா? திரிச்சுத் தெளி தண்ணியை எடுத்தாப் பாக்கலாம்."

அடுத்த ஒரு மணி நேரம் அந்த வாசலில் நடந்ததைப் பிரசவம் என்றுதான் சொல்ல வேண்டும். அப்புசாமி எலுமிச்சை பிழிந்தான். மாரக்காள் வடிகட்டத் துணி பிடித்தாள். காளிதாஸ் சொன்னதற்கு முன் ஓடினார், சொல்லாததற்கும் ஓடினார். நாலு மாட்டின் பாலும் நாலு டம்ளரில் திரிந்து, நாலு குப்பியில் தெளிந்தது. கம்பளி கவிழ்ந்தது.

"மயிலை?"

"செவப்பு."

"காரி?"

"செவப்பு. லேசா."

"கொம்பு ஒடைஞ்சது?"

"செவப்பு."

மயிலம்மாள் நாலாவது குப்பியைத் தானே எடுத்தாள். எடுத்த வேகத்தில் குப்பி விளக்கில் பட்டு டிங் என்றது.

"நீலம்," என்றாள் மோகனப்பிரியா. "அம்மா, நீலம்! சுத்த நீலம்!"

இந்த முறை நீலம் என்றால் என்ன என்று ஊருக்கே தெரிந்திருந்தது. வேலிக்கு அந்தப்புறம் கோழிகள் மிரளும்படி ஒரு சத்தம் எழுந்தது. மாரக்காள் கம்பளியோடு எழுந்து கம்பளியோடே இரண்டு சுற்று ஆடினாள்.

மூன்று மாட்டுப் பாலை, மறுபடி கறக்கிற பாலையும் சேர்த்து ஐந்து நாளைக்கு யாருக்கும் கொடுக்கக் கூடாது, ஆறாம் நாள் பார்த்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும் என்றாள் மோகனப்பிரியா. காளிதாஸ் வாயைத் திறந்தார். மயிலம்மாள் திரும்பிப் பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது. தொட்டியைக் கவிழ்த்துத் தேய்க்க அவரே உட்கார்ந்தார். அப்புசாமி வேலியோரக் குழாயின் வாயில் கட்டையை அடித்து இறுக்கினான்.

ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மயிலம்மாளின் ஸ்கூட்டி கொள்முதல் நிலையத்தில் நின்றது. எப்போதும் பன்னிரண்டு லிட்டர் கொண்டுவருகிறவள், மூன்றரை லிட்டர் கொண்டுவந்திருந்தாள். பின்னாலேயே அப்புசாமியின் டெம்போவில் கல்லுக்காட்டுப்புதூர் பாதி வந்து இறங்கியது. மணியன் அதைப் பார்த்துப் பயந்துபோனான்.

"அக்கா, கூட்டமெல்லாம் வேண்டாமுங்க. நான் ரூலைத்தான் சொன்னேன்."

"பட்டையை எடு மணியா."

இரண்டு சொட்டு. பட்டை நனைந்து நிறம் ஏறிற்று. முதல் கோடு வந்தது; அது எப்போதும் வருவது. மயிலம்மாள் கேன் பிடியை விடவில்லை. இரண்டாவது இடத்தில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு, வெட்கப்பட்டுக்கொண்டு எட்டிப் பார்ப்பதுபோல, மெலிசாக ஒரு நிழல். நிழல் இறுகியது. கோடாயிற்று.

"ரெண்டு கோடுங்கோ!" என்று மணியன் ரூலை மறந்து கத்தினான்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றாள் மாரக்காள். என்ன சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை. காளிதாஸ், பெண் பார்க்கப் போன இடத்தில் கொசுறாக வாங்கின அந்த வெங்கலச் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். மாரக்காள் மூடியை எடுத்துவிட்டுச் சொம்பைச் சாய்த்தாள். தயிர் அசையவில்லை. இன்னும் சாய்த்தாள். வெட்டி வைத்த கட்டியாட்டம் நின்றது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"செவலையோடதா?"

"செவலையோடது."

"உம் பொண்டாட்டி பேசினாளா?"

"பேசினா. தொட்டி நெப்பறதை மட்டும் நிறுத்தச் சொன்னா."

காளிதாஸ் ஒரு கிலோ கத்திரிக்காய் நிறுக்கச் சொன்னார். நிறுத்தாள். காகிதத்தில் சுற்றிக்கொண்டே, பழக்கத்தில், அவர் கேட்பதற்கு முன்பே தட்டிலிருந்து ஒரு கொத்துக் கறிவேப்பிலையை உருவி மேலே வைத்தாள்.

காளிதாஸ் அதை எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பினார். முகர்ந்து பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"ஏனுங்க அக்கா," என்றார். "இது எந்தத் தண்ணியில வெளைஞ்சதுங்க?"